வெள்ளி டாலர்: எடை சரி, வருஷம்தான் பொய்

என் சித்தப்பா பையன் சென்னையில ஐடி வேலையில இருக்கான். போன வருஷம் போனஸ் வந்த கையோட 42,000 ரூபாய் கொடுத்து ஒரு வெள்ளிக் காசு வாங்கினான். "அண்ணே, 1921 டாலர், பம்பாய் மின்ட்ல அடிச்சது. ரெண்டு வருஷத்துல டபுள்"னு போன்ல ஒரே குஷி. பில் இருக்கான்னு கேட்டேன். இல்லை. வித்தவர் யாருன்னு கேட்டேன். இன்ஸ்டாகிராம்ல ஒருத்தராம். ஒரு ஆடிட்டருக்கு அங்கேயே வயிறு கலங்கிடும்.

பம்பாயில டாலரான்னு உங்களுக்குச் சந்தேகம் வரலாம். அது உண்மைதான். ஹாங்காங், பினாங்கு, சிங்கப்பூர் வியாபாரத்துக்காக 1895-லேர்ந்து 1935 வரைக்கும் பிரிட்டிஷ்காரர்கள் அடித்த வெள்ளி டாலர்ல பெரும்பகுதி பம்பாய் நாணயச் சாலையில் அடித்ததுதான். ஒரு பக்கம் கையில் திரிசூலத்தோடு பிரிட்டானியா நிற்பாள். மறுபக்கம் சீன எழுத்தும் ஜாவி எழுத்தும் இருக்கும். பம்பாய் காசாக இருந்தால் திரிசூலத்தின் நடு முனையில் பொடியாக ஒரு 'பி' தெரியும்.

எங்க ஊர் காரைக்கால் பக்கம், கோட்டுச்சேரிமேடு. 1954 வரைக்கும் பிரெஞ்சுக்காரர்கள் ஆட்சி. அதனால் சைகோனுக்குப் போனவர்கள் உண்டு, நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி பினாங்கு போனவர்களும் உண்டு. திரும்பி வந்தவர்களின் ட்ரங்குப் பெட்டியில பிரிட்டிஷ் டாலரும் வந்தது, பிரெஞ்சு இந்தோசீனாவின் பியாஸ்தர் காசும் வந்தது. எங்க அப்பாயிகிட்ட ஒரு பியாஸ்தர் இருக்கு, 1908 வருஷத்தது. அதன் மேலேயே 0,900 வெள்ளி, 27 கிராம்னு பிரெஞ்சுல பொறிச்சிருப்பான். தன் எடையைத் தானே சொல்ற காசு! எனக்கு அதுல ஒரு தனி மரியாதை.

பொங்கலுக்குத் தம்பி ஊருக்கு வந்தப்போ ரெண்டு காசையும் திண்ணையில வெச்சுப் பார்த்தோம். இதை நீங்களும் வீட்டிலேயே செய்யலாம். ஆன்லைன்ல கிடைக்கிற, 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு போதும்.

பிரிட்டிஷ் டாலர் 26.95 கிராம், விட்டம் சுமார் 39 மில்லிமீட்டர். தேய்ந்திருந்தால் எடை கொஞ்சம் குறையும். அடுத்தது தண்ணீர்ச் சோதனை. தராசில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து எடையைப் பூஜ்யம் ஆக்குங்க. காசை நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ படாமல் முழுசாக முக்குங்க. தராசு காட்டுவது காசு விலக்கிய தண்ணீரின் எடை. 90 சதவீத வெள்ளி என்றால் ஏறக்குறைய 2.6 கிராம் வரும். பித்தளை, செம்பு-நிக்கல் கலவையில் செய்த போலி அதே எடையில் இருந்தாலும் 3 கிராமைத் தாண்டிடும். காந்தத்தை மட்டும் நம்பாதீங்க. பித்தளையும் காந்தத்தில் ஒட்டாது.

தம்பியின் காசு எல்லாத்திலும் பாஸ். 26.9 கிராம், தண்ணீரில் 2.6. அவன் என்னைப் பார்த்த பார்வை இருக்கே!

ஆனால் சிக்கலே அங்கேதான். போலி வேறு, திருத்தல் வேறு. திருத்திய காசு அசல் வெள்ளிதான், அசல் மின்ட்தான். எடைக்கும் தண்ணீருக்கும் மாட்டாது. ஆடிட்டுல நாங்க பார்க்கிற கதைதான் இது: வவுச்சர் அசல், கையெழுத்து அசல், தொகையில மட்டும் ஒரு எண்ணைத் திருத்தியிருப்பாங்க. 1911 பம்பாய் டாலர் நிறையக் கிடைக்கிற காசு. 1921, 1934, 1935 எல்லாம் அரிது, சேகரிப்பவர்கள் தேடுகிற வருஷங்கள். 1911-ஐ 1921 ஆக்க ஒரே ஒரு எண்ணைத் தொட்டால் போதும்.

வாட்ச் ரிப்பேர் கடையில் கண்ணில் செருகிக்கொள்வார்களே, அந்த மாதிரி 10 மடங்கு லென்ஸ் ஒன்றை வாங்கி வந்து, வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்துப் பார்த்தேன். அச்சில் அடித்த எண் காசின் தளத்தோடு ஒன்றாக எழும்பியிருக்கும். இங்கே அந்த '2'-ஐச் சுற்றி மட்டும் தளம் வழுவழுன்னு பளபளப்பு, நுண்ணிய கீறல்கள், நிறமும் கொஞ்சம் வெளிர். அசல் 1921-ன் படத்தோடு வைத்துப் பார்த்தால் அந்த '2'-ன் வளைவே வேறு. தம்பி அஞ்சு நிமிஷம் பேசவே இல்லை.

இது நம்ம ஊர்க் கைவேலை மட்டும் இல்லை. அமெரிக்காவில் 1804-ன்னு பொறித்த டாலர் மிகச் சிலதான் இருப்பதாகக் கணக்கு. அதில் ஒன்று 1999-ல் 41 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. 1800-லேர்ந்து 1803 வரையிலான சாதாரண டாலர்களில் வருஷத்தை மாற்றி அதைப் போலச் செய்ததும் நடந்திருக்கு.

நம்ம வீடுகளில் இன்னொரு திருத்தல் உண்டு, அதில் ஏமாற்று கிடையாது. 'டாலர்'னா நமக்குச் சங்கிலியில் தொங்குவதுதானே? காசுக்கு வளையம் பற்றவைத்துக் கழுத்தில் போட்டிருப்பாங்க. வளையத்தை எடுத்துத் தேய்த்தாலும் விளிம்பின் உச்சியில் பற்று வைத்த தழும்பு தெரியும், அங்கே விளிம்பின் வரிகள் அழிந்திருக்கும். அப்பாயி காசில் அது இருக்கு. போதாததுக்கு வருஷா வருஷம் விபூதி போட்டுத் தேய்ச்சு வேற வெச்சிருக்கு. சேகரிப்பவர் பார்வையில் விலை பாதிக்கும் கீழே. பழைய வெள்ளியைப் பளபளப்பாக்காதீங்க.

"அமெரிக்காவுக்கு அனுப்பி கிரேடிங் வாங்கிடலாமா"ன்னு தம்பி கேட்டான். 1972-ன் தொல்பொருள் சட்டப்படி 100 வருஷம் தாண்டிய காசு தொல்பொருள். தனிநபர் அதை ஏற்றுமதி செய்யக் கூடாது. வெளிநாட்டு வாங்குபவருக்குப் பார்சல் போடுவதும் இதில்தான் வரும்.

விற்கப் போறவங்களுக்கு வேற கண்ணி. "உங்க காசுக்கு 10 லட்சம், முதல்ல வரி கட்டுங்க, ரிசர்வ் வங்கி அனுமதிக் கட்டணம் கட்டுங்க"ன்னு போன் வரும். ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது: பழைய காசு வாங்கி விற்பதில் எங்களுக்குச் சம்பந்தம் இல்லை, கட்டணம் எதுவும் கேட்பதும் இல்லை.

என் கருத்து நேரடியானது. சம்பளக்காரர் இதை முதலீட்டுக் கணக்கில் எழுதக் கூடாது. 26.95 கிராமில் சுத்த வெள்ளி 24.25 கிராம். அன்றைய வெள்ளி விலையால் பெருக்குங்க, அதுதான் உங்களுக்குக் கையில் நிற்கிற தொகை. அதற்கு மேல் கொடுப்பது எல்லாம் அந்த நாலு இலக்கத்தின் மேல் வைக்கும் நம்பிக்கை. ஆசைக்காக வாங்குங்க, தப்பே இல்லை. ஆனால் பில் வேணும், பில்லில் வருஷமும் மின்ட் குறியும் எழுதியிருக்கணும், போலியோ திருத்தலோ என்று தெரிந்தால் பணம் திரும்பத் தருவேன்னு எழுத்தில் வேணும். பணம் போடுவதற்கு முன்னாடியே தேதிப் பகுதியின் நெருக்கமான படம் கேளுங்க. அதற்கே தயங்குகிறவரிடம் வாங்காதீங்க.

தம்பி வித்தவருக்கு மெசேஜ் போட்டான். ரெண்டு நீல டிக் வந்தது, அப்புறம் அந்தக் கணக்கே காணோம். யுபிஐ ரசீதை வைத்து சைபர் கிரைம் 1930-க்குப் புகார் கொடுக்க வைத்திருக்கிறேன். மாசக்கணக்கில் தாமதமான புகார், எவ்வளவு திரும்பும்னு பார்க்கணும். டாலரை இப்போ அவன் கேட்டான்னு அப்பாயி தன் பெட்டியில, பியாஸ்தர் பக்கத்துலயே வெச்சிருக்கு. விபூதி மட்டும் போட வேண்டாம்னு சொல்லியிருக்கோம்.