முதலாம் பாடவேளையில் நித்திரை

தரம் 10. முதலாம் பாடவேளை. பின் வாங்கில் ஒரு பிள்ளை மேசையில் தலை வைத்து நல்ல நித்திரை. நாங்கள் என்ன செய்கிறோம்? எழுப்பி நிற்க வைக்கிறோம். "ராவெல்லாம் போன் நோண்டினா இப்படித்தான்" என்று ஓர் ஏச்சும் கொடுக்கிறோம். இரண்டு பாடவேளை கழித்து அதே பிள்ளைக்கு ஓமோன்களின் தொழில்களைப் படிப்பிப்பதும் நாங்கள்தான்.

கபச்சுரப்பி, தைரொயிட்டு, சதையி என்று பெயர்களைப் பாடமாக்க வைக்கிறோம். பாடமே எங்கள் முன்னால் மேசையில் படுத்துக் கிடப்பதைக் காணாமல் விடுகிறோம்.

இருட்டினால் மூளையிலுள்ள கூம்புச் சுரப்பி மெலடோனினைச் சுரக்கும். உடம்புக்கு இரவாகிவிட்டது என்று அறிவிக்கும் ஓமோன் அது. கட்டிளமைப் பருவத்தில் இந்தச் சுரப்பு ஒன்று, இரண்டு மணித்தியாலம் பிந்துகிறது. எட்டு வயதில் ஒன்பது மணிக்குத் தூங்கிய பிள்ளைக்குப் பதினைந்து வயதில் பதினொரு மணிக்கும் கண் மூடாது. "நித்திர வருதில்ல சேர்" என்று அவன் சொன்னது பொய்யல்ல. போன் வெளிச்சம் இன்னும் பிந்த வைக்கும், அது உண்மைதான். ஆனால் போன் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கும் பிந்தும்.

13 முதல் 18 வயதுவரை 8 தொடக்கம் 10 மணித்தியால நித்திரை தேவை. எங்கள் பிள்ளைகள் டியூசன் முடிந்து வீடு வர இரவு ஒன்பது. சாப்பிட்டு, எழுதி முடித்துப் படுக்க பதினொன்றரை. சுபஹுக்கு எழும்பினால் ஐந்து மணித்தியாலம் சொச்சம்தான் மிச்சம். வளர்ச்சி ஓமோன் கூடுதலாகச் சுரப்பது ஆழ்ந்த நித்திரையில். நித்திரை குறைந்தால் இன்சுலினின் வேலையும் மந்தமாகும்.

அமெரிக்காவின் குழந்தை மருத்துவர் சங்கம் 2014இலேயே, இந்த வயதினருக்குப் பாடசாலை காலை 8.30க்கு முன் தொடங்கக் கூடாது என்றது. இங்கே 7.30ஐ மாற்றுவது எங்கள் கையில் இல்லை. பஸ்ஸும் வெயிலும் விடாது. சுபஹைப் பிந்த வைக்கவும் முடியாது. எங்கள் கையில் இருப்பது இரவு மட்டும்தான்.

மஃரிபுக்குப் பிறகு தரம் 10, 11க்கு வகுப்பு வைக்காமல் விடுவோம். டியூசன் வைப்பவர்களில் எங்கள் ஆட்களும் இருக்கிறார்கள், வருமானம் குறையும், அதை மறைக்கவில்லை. ஒருவர் மட்டும் நிறுத்தினால் பிள்ளைகள் அடுத்த வகுப்புக்குப் போய்விடுவார்கள். அதனால்தான் பள்ளிவாசல் நிர்வாகம், பெற்றோர், டியூசன் ஆசிரியர்கள் எல்லோரும் ஒன்றாக இருந்து பேச வேண்டும் என்கிறோம். நோன்பு விடுமுறை முடிந்து பாடசாலை தொடங்க முன்னர் அதைச் செய்யலாம். எந்த நாள் வசதி என்று கீழே சொல்லுங்கள்.