மடித்த தாள் மட்டும் போதுமா? வினாக்களையும் பகிர்வோம்!



கெமாஸ் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளில் தாள்மடிப்புக் கலைக்கு நல்ல வரவேற்பு உண்டு. காட்சிக்கலைப் பாடமாகட்டும், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வகுப்பறையை அழகுபடுத்துவதாகட்டும், கொக்கும் தவளையும் தாமரையும் எப்படியோ வந்து சேர்ந்துவிடும். அண்மைக் காலமாக ஆசிரியர்களின் புலனக் குழுக்களிலும் இவற்றின் படங்கள் நாள்தோறும் வலம் வருகின்றன. உடனே பாராட்டுகள் குவிகின்றன. மகிழ்ச்சிதான்.

ஆயினும், எனக்கு ஒரு குறை தெரிகிறது. செய்து முடித்த பொருளின் படம் வருகின்றது. செய்த வழி வருவதில்லை. "எந்த இடத்தில் தாள் கிழிந்தது? இரண்டாம் ஆண்டு மாணவனால் இதை மடிக்க முடிந்ததா? எந்த மடிப்பில் குழந்தைகள் தடுமாறினார்கள்?" என்று எவரும் கேட்பதில்லை. கேட்டால் 'தெரியாதவர்' என்னும் பெயர் வந்துவிடுமோ என்ற தயக்கம் ஒருபுறம். சொல்லிக் கொடுத்தால் அடுத்த பள்ளி நம்மை முந்திவிடுமோ என்ற அச்சம் மறுபுறம். இவ்விரண்டுமே இக்கலையின் இயல்புக்கு மாறானவை. தாள்மடிப்பு உலகெங்கும் வளர்ந்தது, அதை விரும்பியவர்கள் தம் வினாக்களையும் வழிமுறைகளையும் ஒருவரோடொருவர் பகிர்ந்துகொண்டதால்தான். அவ்வளர்ச்சியில் தமிழ் மண்ணுக்கும் ஒரு பங்குண்டு என்பதை நம்மில் பலர் அறிந்திருக்கமாட்டோம்.

சென்னையில் அச்சான ஒரு நூல்

ஜெர்மனியில் பாலர் கல்விக்கு வித்திட்ட பிரெடரிக் பிரோபல், குழந்தைகளின் கைப்பயிற்சிகளில் ஒன்றாகத் தாள்மடிப்பையும் சேர்த்தார். அவர் வழிவந்த பாலர் பள்ளிகளுக்காக வண்ணச் சதுரத் தாள்களும் மடிப்புக் குறிப்புகளும் அடங்கிய பெட்டி ஒன்று விற்பனைக்கு வந்தது. அப்பெட்டி கடல் கடந்து சென்னை மாகாணத்திற்கும் வந்து சேர்ந்தது. அங்கே அரசுப் பணியில் இருந்த சுந்தரராவ் என்பார் அதைக் கண்டார். சிறுவர் விளையாட்டென்று அவர் ஒதுக்கிவிடவில்லை. 'இதைக் கொண்டு வடிவியலை எவ்வளவு தொலைவு கற்பிக்கலாம்?' என்ற வினாவை எழுப்பிக்கொண்டார்.

அவ்வினாவின் விடையாக, தாள்மடிப்பு வழி வடிவியல் பயிற்சிகளைக் கூறும் அவருடைய ஆங்கில நூல் 1893இல் சென்னையில் வெளிவந்தது. ஒழுங்கற்ற ஒரு தாளிலிருந்து சதுரத்தை மடித்தெடுப்பதில் தொடங்கி, சமபக்க முக்கோணம், ஐங்கோணம், அறுகோணம் என்று அந்நூல் படிப்படியாக உயர்ந்து செல்கிறது. இப்பயிற்சிகளுக்குக் கணிதக் கருவிகள் வேண்டியதில்லை, ஒரு சிறு கத்தியும் சில தாள் துண்டுகளும் இருந்தால் போதும் என்பது அவர் கருத்து. வசதி குறைந்த தோட்டப்புறப் பள்ளிகளுக்கு இதைவிடப் பொருத்தமான கல்விக் கருவி வேறெது?

கதை அத்துடன் முடியவில்லை. ஜெர்மனியின் புகழ்பெற்ற கணித மேதை பெலிக்ஸ் கிளைன், 1895இல் வெளிவந்த தம் நூலில் சுந்தரராவின் நூலைக் குறிப்பிட்டார். கிளைனின் நூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த பெமன், சுமித் என்னும் அமெரிக்கக் கணிதப் பேராசிரியர்கள், அக்குறிப்பின் வாயிலாகச் சென்னை நூலை அறிந்தனர். அவர்கள் அதனைச் செப்பஞ்செய்ய, 1901இல் அது சிக்காகோவில் மறுபதிப்புக் கண்டது. ஜெர்மனியில் பிறந்த கருத்து சென்னைக்கு வந்து, வளர்ந்து, மீண்டும் ஜெர்மனிக்குச் சென்று, அங்கிருந்து அமெரிக்காவை அடைந்தது. இடையில் எவரேனும் ஒருவர் 'எனக்குத் தெரிந்தது என்னோடு இருக்கட்டும்' என்று எண்ணியிருந்தால் இப்பயணம் அங்கேயே நின்றிருக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். தாளை மடித்துக் கனமூலம் காண்பது இயலாது என்னும் கருத்தே சுந்தரராவின் நூலில் இருந்தது. 1936இல் இத்தாலியக் கணித அறிஞர் மார்கெரிட்டா பெலோக் என்னும் அம்மையார், ஒரு புதிய மடிப்பின் வாயிலாக அது இயலும் என்று நிறுவினார். இதனால் சுந்தரராவின் பெருமை குறைந்துவிடவில்லை. தமக்கு எட்டிய எல்லை எதுவென்று அவர் எழுதி வைத்தார். பின்வந்தவர் அந்த எல்லையைக் கடந்தார். அறிவு வளரும் முறை இதுதானே?

ஆசான் விட்டுச் சென்ற பாடம்

நவீனத் தாள்மடிப்பின் தந்தை என்று போற்றப்படுபவர் ஜப்பானைச் சேர்ந்த அகிரா யோசிசாவா (1911–2005). இளமையில் அவர் ஒரு தொழிற்சாலை ஊழியர். அங்கே இளந்தொழிலாளர்களுக்கு வடிவியலைப் புரியவைக்கத் தாள்மடிப்பையே பயன்படுத்தினார். 1937இல் வேலையை விட்டு, வறுமையைப் பொறுத்துக்கொண்டு, இக்கலைக்கே தம்மை ஒப்படைத்தார்.

அவர் ஆக்கிய உருவங்கள் ஐம்பதாயிரத்திற்கும் மேல் என்பர். ஆனால், உலகம் அவருக்குக் கடன்பட்டிருப்பது அந்த எண்ணிக்கைக்காக அன்று. எந்தத் தாளை எங்கே எப்படி மடிப்பது என்பதைக் கோடுகளாலும் அம்புக்குறிகளாலும் காட்டும் முறையை 1954இல் வெளிவந்த நூலில் அவர் தந்தார். சிறுகோடுகளால் ஆன வரி என்றால் பள்ளமாக மடி. கோடும் புள்ளியும் மாறி வரும் வரி என்றால் மேடாக மடி. 1961இல் அமெரிக்கர் சாமுவேல் ரேண்ட்லெட் அதனை மேலும் விரிவாக்கினார். ஜப்பானிய மொழியில் ஓர் எழுத்தும் அறியாதவர்கூட ஜப்பானிய மடிப்பு நூலைப் பார்த்து மடிக்க முடிவது இம்முறையால்தான்.

இதில் ஒரு துயரமும் உண்டு. அவர் படைத்த பல்லாயிரம் உருவங்களில் சில நூறு மட்டுமே இவ்வாறு வரைபடமாயின. மற்றவற்றின் செய்முறையில் பெரும்பகுதி அவரோடு மறைந்துபோயிற்று. மாபெரும் ஆசானுக்கே இந்நிலை என்றால், ஓய்வுபெறும் நம் ஆசிரியர் ஒவ்வொருவரோடும் எத்தனை நல்ல வழிமுறைகள் பள்ளி வாயிலைக் கடந்து போய்விடுகின்றன!

கோலம் அறிந்த நமக்கு இது புதிதா?

'ஜப்பானியருக்கும் மேலைநாட்டினருக்கும் இது பழக்கம்; நமக்கு எப்படி?' என்று சிலர் வினவலாம். நம் தாய்மார்களின் கோலக் குறிப்பேடுகளை எண்ணிப் பாருங்கள். '15 புள்ளி, ஊடுபுள்ளி, 8 வரை' என்று ஒரு வரி எழுதினால் போதும். எந்த ஊர்ப் பெண்மணியும் புள்ளி வைக்கத் தொடங்கிவிடுவார். தோட்டத்து லயன் வீடுகளில் மார்கழி மாதத்துக் காலையில், "இந்தச் சிக்கு எங்கே திரும்புகிறது, அக்கா?" என்று கேட்பதில் எவரும் வெட்கப்பட்டதில்லை, சொல்லிக் கொடுப்பதில் எவரும் கஞ்சத்தனம் காட்டியதுமில்லை. குறியீட்டையும், வினாவையும், பகிர்வையும் நம் வாசலிலேயே வளர்த்தவர்கள் நாம்.

மடிப்பும் நம் கைகளுக்கு அந்நியமன்று. கத்திக் கப்பல், கச்சாங் பூத்தே பொட்டலம், வெற்றிலைச் சுருள், சேலைக் கொசுவம் என்று நம் வாழ்வில் மடிப்புக்குக் குறைவில்லை. கோலத்தில் காட்டிய தாராள மனம் வகுப்பறைக்குள் நுழைந்ததும் எங்கே போயிற்று என்பதே என் கேள்வி.

எவற்றைப் பகிரலாம்?

1. தடுமாறிய இடம். 'கொக்கின் கழுத்தை மடிக்கும்போது தாள் பிதுங்குகிறது' என்று ஒருவர் எழுதட்டும். தாளின் தடிமனைப் பாருங்கள் என்று இன்னொருவர் சொல்வார். நகலெடுக்கும் தாள் சதுர மீட்டருக்கு 70 அல்லது 80 கிராம் எடை கொண்டது. ஐந்து முறை பாதியாக மடித்தால் 32 அடுக்குகள் ஆகிவிடும். பிஞ்சு விரல்கள் என்ன செய்யும்? பெரிய தாளைக் கொடுங்கள், அல்லது மெல்லிய தாளைக் கொடுங்கள். இந்த ஒரு விடை ஒரு வகுப்பையே காப்பாற்றும்.

2. சிந்தனையைத் தூண்டும் வினா. ஏ4 தாளிலிருந்து சதுரம் செய்ய மூலைவிட்டமாக மடிக்கிறோம் அல்லவா? அந்த மூலைவிட்டத்தின் நீளமும் ஏ4 தாளின் நீண்ட பக்கமும் ஒன்றாக இருப்பதை மாணவரே கண்டுபிடிக்கட்டும். ஏன் அப்படி என்று அவர்கள் கேட்பார்கள். அதுவே கணிதத்தின் வாசல்.

3. அளக்காமல் மூன்றில் ஒரு பங்கு. பின்னப் பாடத்தில் தாளைப் பாதியாக, காலாக மடிக்கிறோம். மூன்றில் ஒரு பங்கு என்றதும் அளவுகோலைத் தேடுகிறோம். ஒரு சதுரத் தாளின் கீழ் வலது மூலையை, மேல் விளிம்பின் நடுப்புள்ளியில் பொருந்துமாறு மடியுங்கள். அப்போது சாய்ந்து மேலேறும் கீழ் விளிம்பு, இடது விளிம்பை வெட்டும். வெட்டும் இடம் கீழிருந்து சரியாக மூன்றில் ஒரு பங்கு! வலது மேல் மூலையில் உருவாகும் முக்கோணத்தின் பக்கங்கள் 3:4:5 என்ற விகிதத்தில் இருக்கும். ஜப்பானில் உயிரியல் பேராசிரியராக இருந்த கசுவோ ஹாகாவின் பெயரால் இது வழங்குகிறது. கணிதப் பேராசிரியர் அல்லர், உயிரியல் பேராசிரியர்! ஆர்வலர் ஒருவரின் கேள்விக்கு இருக்கும் ஆற்றல் அது.

4. கலைச்சொற்கள். 'உள்மடிப்பு' என்று ஓர் ஆசிரியர் சொல்வது இன்னோர் ஆசிரியருக்கு வேறு மடிப்பாக இருக்கிறது. பள்ள மடிப்பு, மேட்டு மடிப்பு என்பன போன்ற சில சொற்களை நாம் கூடி முடிவு செய்தால், தமிழிலேயே தெளிவாகக் கற்பிக்கலாம். அறிவியலும் கணிதமும் கைவினையும் தமிழில் முடியும் என்பதற்கு இதுவும் ஒரு சான்றாகும்.

5. படைத்தவரின் பெயர். பழைய கொக்கும் கப்பலும் பொதுச்சொத்து. இக்காலக் கலைஞர் ஒருவர் உருவாக்கிய வடிவம் அப்படியன்று. அவர் பெயரைச் சொல்லுங்கள்; அவர் நூலின் பக்கங்களை அவர் இசைவின்றி நகலெடுத்து வழங்காதீர்கள். பகிர்வு வேறு, பறிப்பு வேறு என்பதை மாணவர்களும் நம்மிடமே கற்க வேண்டும்.

சிறிய பள்ளிகளுக்கு இது தேவையா?

'வேலைப்பளு மிகுந்த ஆசிரியர்களுக்கு இது இன்னொரு சுமை' என்பர் சிலர். நியாயமான கவலைதான். ஆயினும், தனித்தனியே இருபது ஆசிரியர்கள் ஒரே தடுமாற்றத்தை இருபது முறை எதிர்கொள்வதைவிடப் பெரிய சுமை உண்டா? மாணவர் எண்ணிக்கை குறைந்த தோட்டப் பள்ளியில், கலந்து பேசக்கூட ஆளின்றி ஓர் ஆசிரியர் பல பாடங்களைச் சுமக்கிறார். பகிர்வின் பயன் முதலில் போய்ச் சேர வேண்டியவர் அவரே.

பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டா. ஒரு சுற்றேடு போதும். ஒரு பள்ளியில் ஒரு பக்கத்தை நிரப்பி, அடுத்த பள்ளிக்கு அனுப்புவோம். கெமாஸில் எழுதிய வினாவுக்குக் கெமெஞ்சேயிலோ தம்பினிலோ விடை கிடைக்கலாம். எல்லை தாண்டிச் சிகாமட்டிலிருந்து புதியதொரு வினா வரலாம். கிழக்குக்கரைத் தண்டவாளமும் மேற்குக்கரைத் தண்டவாளமும் கூடும் ஊர் நம் கெமாஸ். கருத்துகளுக்கும் அது ஒரு சந்திப்பாகட்டுமே!

'போட்டியில் நம் பள்ளி தோற்றுவிடுமே' என்பது மற்றொரு வாதம். ஒரு கோப்பைக்காக ஒளித்து வைக்கும் மடிப்பு, அந்தக் கோப்பையோடு கண்ணாடிப் பேழைக்குள் போய் உறங்கிவிடும். சொல்லிக் கொடுத்த மடிப்போ நூறு கைகளில் வாழும்.

பெற்றோர்களே!

பிள்ளை மடித்த கொக்கைக் கொண்டுவந்து காட்டினால், "அழகாக இருக்கிறது" என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். "எனக்கும் சொல்லிக் கொடு" என்று கேளுங்கள். சொல்லிக் கொடுக்கும்போதுதான் தனக்கு எந்தப் படி தெரியும், எந்தப் படி தெரியாது என்பது பிள்ளைக்கே விளங்கும். பழைய நாளிதழ் ஒன்றைச் சதுரமாக வெட்டி அதனோடு அமருங்கள். செலவு ஒரு காசுமில்லை. மூத்த பிள்ளை இளையதற்குக் கற்பிக்கட்டும்.

2021இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வு நீக்கப்பட்டபோது, இனி நம் பிள்ளைகள் சிந்தித்துக் கற்பார்கள் என்று பேசினோம். தேர்வை நீக்கியதால் மட்டும் சிந்தனை வந்துவிடாது. கேள்வி கேட்பது இழுக்கன்று என்று பிள்ளை நம்ப வேண்டும். தன் ஆசிரியர் இன்னோர் ஆசிரியரிடம், "இந்த மடிப்பு எனக்கு வரவில்லை, சொல்லிக் கொடுங்கள்" என்று கேட்பதை அப்பிள்ளை ஒருமுறை கண்டால் போதும். ஆயிரம் அறிவுரைகள் செய்யாததை அக்காட்சி செய்துவிடும்.

ஆகவே, அடுத்த முறை ஓர் அழகிய தாமரையின் படத்தை அனுப்பும்போது, அதனோடு ஒரு வினாவையும் சேர்த்து அனுப்புங்கள். பார்ப்பவரும் பாராட்டுவதற்கு முன் ஒரு வினாவைக் கேளுங்கள். தமிழ்ப்பள்ளிகளில் தாள்மடிப்பு வெறும் சுவர் அலங்காரமாக நின்றுவிடாமல் அறிவுப் பயிற்சியாக வளர, இதைவிட எளிய தொடக்கம் வேறில்லை.

சிந்திப்போம், செயல்படுவோம்.