ஓய்வு நேரக் கைவேலை: பரணில் கிடக்கும் பேஸ் கித்தார்



கித்தா மரத்தோடு வாழ்ந்தவர்கள் நாம். கித்தாரும் நமக்குப் புதிதல்ல. பேராக்கில் பல தோட்டங்களில் ஒரு காலத்தில் இளைஞர்கள் கூடி மெல்லிசைக் குழு வைத்திருந்தார்கள். தீபாவளி, கோயில் திருவிழா, கல்யாணம் என்றால் அவர்கள் கச்சேரிதான். பிறகு தோட்டங்கள் கைமாறின. செம்பனை வந்தது, வீடமைப்பு வந்தது. குடும்பங்கள் ஈப்போ, சுங்கை சிப்புட் என்று பட்டணத்துப் பக்கம் குடியேறின. அந்த வாத்தியங்களில் சில இன்னும் பரணிலும் கட்டிலுக்கடியிலும் தூங்குகின்றன. "பழைய சாமான்காரரிடம் போட்டுவிடலாமா?" என்று வீட்டம்மா கேட்பதற்குமுன், பேஸ் கித்தாரைப் பற்றிச் சற்றுப் பார்த்துவிடுவோமா?

சாதாரணக் கித்தாருக்கு ஆறு கம்பி. பேஸ் கித்தாருக்குத் தடித்த நான்கு கம்பி. தடித்த கம்பி வினாடிக்கு 41 முறை அதிரும். மெல்லிய கம்பி 98 முறை. பாட்டைக் கேட்கும்போது நெஞ்சுக்குள் 'தும், தும்' என்று நடக்கிறதே, அதுதான் இது.

இதை 1951-ல் கடைக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் லியோ ஃபெண்டர். அவர் சங்கீத வித்வான் அல்லர்; வானொலிப் பெட்டி பழுதுபார்த்தவர். கித்தார் வாசிக்கவும் அவருக்குத் தெரியாது. கைவேலை தெரிந்தவர், அவ்வளவுதான். ஆகவே, "எனக்கு ஸ்வரம் தெரியாதே" என்று தயங்க வேண்டாம்.

தமிழ்ப் பாட்டில் இதன் அருமையைக் காட்டியவர் இளையராஜா. 1976-ல் 'அன்னக்கிளி'யில் தொடங்கியவர், பேஸ் கித்தாருக்கென்றே தனி மெட்டை எழுதிக் கொடுத்தார். நம் நாட்டிலும் பினாங்குச் சகோதரர்கள் டேவிட் ஆறுமுகமும் லோகநாதன் ஆறுமுகமும் 'அலிகேட்ஸ்' குழுவில் மலாய்ப் பாடல் பாடி நாடெங்கும் புகழ் பெற்றார்கள். தம்பி 2007-ல் மறைந்தாலும் பாட்டு நிற்கிறது. பிள்ளை கித்தாரைத் தொட்டால் கெட்டுப்போவான் என்று அஞ்சும் பெற்றோர் இதையும் நினைத்துப் பார்க்கலாம்.

சரி, வேலைக்கு வருவோம்.

முதலில் கழுத்து. நான்கு கம்பிகளும் சேர்ந்து ஏறத்தாழ 70, 80 கிலோ பாரத்தில் கழுத்தை இழுக்கின்றன. வளர்ந்த ஆள் ஒருவர் தொங்குவது போல! அதைத் தாங்கவே கழுத்துக்குள் ஓர் இரும்புத் தண்டு வைத்திருக்கிறார்கள். டிரஸ் ராட் என்பார்கள். தடித்த கம்பியை முதல் கட்டத்திலும், கழுத்து உடலோடு சேரும் கட்டத்திலும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடியுங்கள். நடுவில், ஏழாவது எட்டாவது கட்டத்தருகே, ஒரு விசிட்டிங் கார்டு நுழையுமளவு இடைவெளி இருந்தால் போதும். அதிகமிருந்தால் கழுத்து முன்னால் வளைந்திருக்கிறது. கம்பிகளைச் சற்றுத் தளர்த்திவிட்டு, தண்டின் தலையிலுள்ள ஆணியை அலன் சாவியால் வலப்பக்கம் கால் சுற்று மட்டும் திருப்புங்கள். இடைவெளியே இல்லையென்றால் இடப்பக்கம். மீண்டும் சுருதி சேர்த்து, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். சாவி இறுகி நின்றால் பலவந்தம் செய்யாதீர்கள். தண்டு முறிந்தால் பழுதுபார்க்கும் செலவு கித்தாரின் விலையையே தாண்டிவிடும். அங்கே நிறுத்தி, தெரிந்தவரிடம் காட்டுவதே புத்தி.

அடுத்து உயரம். பன்னிரண்டாவது கட்டத்தில் கம்பிக்கும் அதன் கீழுள்ள உலோகக் கம்பிக்கும் இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர் இருந்தால் விரலுக்கு இதம். அதற்கும் கீழே போனால் 'கிர்ர்' என்று இரையும். பாலத்திலுள்ள சிறு திருகாணிகளால் ஏற்றி இறக்கலாம்.

மூன்றாவது சுருதி. கைத்தொலைபேசியிலேயே சுருதி பார்க்கும் செயலி இலவசமாகக் கிடைக்கிறது. கம்பியை வெறுமனே மீட்டிச் சுருதி சேர்த்தபின், பன்னிரண்டாவது கட்டத்தை அழுத்தி மீட்டுங்கள். சுருதி ஏறியிருந்தால் பாலத்திலுள்ள தாங்கியைக் கழுத்தைவிட்டுப் பின்னே தள்ளுங்கள். இறங்கியிருந்தால் முன்னே கொண்டுவாருங்கள்.

கம்பி மங்கிவிட்டதா? கழற்றிப் பத்து நிமிடம் வெந்நீரில் கொதிக்கவிட்டு, நன்றாகக் காயவைத்து மாட்டினால் கொஞ்ச நாளைக்குத் தெளிவாய் ஒலிக்கும். சமையல் சட்டியில் செய்து அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதீர்கள். ஒரு பழைய பால்டின் போதும். ஒவ்வொரு முறை வாசித்த பிறகும் வியர்வையைத் துணியால் துடைத்தால் துரு தாமதமாகும். உச்சி வெயிலில் காருக்குள் வைக்காதீர்கள். மழைச் சுவரோரம் சாய்க்காதீர்கள். மரம் ஈரத்தையும் சூட்டையும் உறிஞ்சி நெளியும்.

ஒலியைக் கூட்டும் திருகியைத் திருப்பினால் 'கரகர' என்கிறதா? மின்பொருள் சுத்தம் செய்யும் ஸ்பிரேயை அதற்குள் ஒரு முறை அடித்து இருபது முப்பது தடவை திருப்புங்கள். ஒயர் சொருகும் துளை ஆடினால் அதன் நட்டை இறுக்குங்கள். உள்ளே ஒயர் அறுந்திருந்தால் ஈயப்பற்று வைக்கலாம். சிறுவர்கள் பெரியவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் செய்ய வேண்டும்.

இப்போது சொல்வதை மட்டும் மறந்துவிடாதீர்கள். கித்தாரின் கம்பி, ஒலிபெருக்கியின் உலோகத்தோடு இணைந்திருக்கிறது. அந்தப் பெட்டியில் மின்கசிவு இருந்தால், கம்பியைத் தொடும் கை வழியே உயிருக்கே ஆபத்து. மூன்று முனைப் பிளக்கில் நில இணைப்பு முனையை முறித்துவிடுவதும், ஈரத் தரையில் வெறுங்காலோடு வாசிப்பதும் கூடவே கூடாது. கம்பியைத் தொட்டதும் விரலில் சுரீர் என்றால் உடனே சுவிட்சை அணைத்துவிட்டு, மின்வேலை தெரிந்தவரிடம் பெட்டியைக் காட்டுங்கள். அதை நீங்களே திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தேங்கி நிற்கும்.

எல்லாம் சரியானதும் வாசிக்கலாம். வானொலிப் பெட்டியின் சிறு ஒலிபெருக்கியில் சொருகாதீர்கள். பேஸ் ஒலி அதைக் கிழித்துவிடும். பிடித்த பாட்டு ஒன்றைப் போட்டு, முதல் வாரம் ஒவ்வொரு அடியிலும் ஒரே ஸ்வரத்தை மட்டும் தாளத்தோடு வாசியுங்கள். வேகம் தானாக வரும். அண்ணன் வாசித்தால் தங்கையும் வாசிக்கட்டும். விரலுக்கு ஆண் பெண் தெரியாது. ஆனால் பேஸ் ஒலி சுவரைத் தாண்டும். அடுக்குமாடியிலும் வரிசை வீட்டிலும் இரவு ஒன்பதுக்கு மேல் காதணி ஒலிபெருக்கி போட்டுக்கொள்வது அண்டை வீட்டாருக்குச் செய்யும் மரியாதை.

பழைய குழுவில் வாசித்த மாமாவோ சித்தப்பாவோ உங்கள் உறவில் இருந்தால், சரிசெய்த கித்தாரை அவர் கையில் ஒரு முறை கொடுத்துப் பாருங்கள். இந்தப் பக்கத்தில் எழுத முடியாததை அவர் பத்து நிமிடத்தில் சொல்லித் தருவார்.