வாழ்த்து மெயில் வந்தால்...

அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் வின்ஃபீல்டு என்று ஒரு சிற்றூர். அங்கே மெதடிஸ்ட் திருச்சபையினர் தொடங்கிய சவுத்வெஸ்டர்ன் கல்லூரி இருக்கிறது. பெரிய பேர் ஒன்றும் கிடையாது. ஆனால் 1924-ல் அதன் டீன் லீராய் ஆலன், சமூக அறிவியல் படிப்பவர்களுக்கென்று ஒரு கௌரவச் சங்கத்தை அங்கேதான் தொடங்கினார். பெயர், பை காமா மியூ. இன்று பல கல்லூரிகளில் அதற்குக் கிளைகள் உண்டு.

நினைத்தவர்கள் எல்லாம் சேர முடியாது. மூன்றாம் ஆண்டை எட்டியிருக்க வேண்டும். வரலாறு, பொருளாதாரம், சமூகவியல் போன்ற பாடங்களில் குறைந்தது 20 கிரெடிட், சராசரியாக ‘பி’ கிரேடு, வகுப்பில் முதல் 35 சதவிகிதத்துக்குள் இடம். அதற்குப் பிறகுதான் அழைப்பு; ஒரு முறை கட்டணமும் உண்டு.

சிக்கலே இந்தக் கட்டணத்தில்தான். ‘வாழ்த்துகள், நீங்கள் தேர்வாகியிருக்கிறீர்கள்’ என்று யார் வேண்டுமானாலும் மெயில் அனுப்பலாமே! பிள்ளைக்குப் பெருமை என்று பெற்றோரும் யோசிக்காமல் கார்டைத் தேய்த்துவிடுகிறார்கள். அசல் சங்கங்களை அடையாளம் காட்டவே 1925-ல் கல்லூரி கௌரவச் சங்கங்களின் கூட்டமைப்பு உருவானது. இந்த அங்கீகாரம் வெறும் அலங்காரம் அல்ல. அமெரிக்க மத்திய அரசின் ஆரம்ப நிலை வேலைகள் பலவற்றில், கூட்டமைப்பு ஏற்ற சங்கத்தின் உறுப்பினர் என்றால் சம்பளப் படி உயரவும் வழி உண்டு.

சந்தேகமா? பணம் கட்டுமுன் துறை அலுவலகத்துக்குப் போய், “நம் கல்லூரியில் இதற்குக் கிளை இருக்கிறதா? பொறுப்புப் பேராசிரியர் யார்?” என்று கேட்கலாம். அசல் சங்கமென்றால் உடனே பதில் கிடைக்கும்.