குமாஸ்தாவுக்கு ஒரு புதுப் பட்டம்!

பணக்காரர்களின் பணத்தைக் கட்டிக் காத்துப் பெருக்கிக் கொடுப்பதே இன்று ஒரு தனித் தொழில். 'வெல்த் மேனேஜ்மெண்ட்' என்று அதற்குப் பெயர். சென்னையில் நுங்கம்பாக்கம், ஆழ்வார்பேட்டைப் பக்கம் போனால் இந்தக் கம்பெனிகளின் கண்ணாடிக் கதவுகளைப் பார்க்கலாம். ஏழை எளியவர் அந்தக் கதவைத் தள்ள வேண்டிய அவசியமே இல்லை. போர்ட்போலியோ நிர்வாகத்தில் சேரக் குறைந்தது 50 லட்ச ரூபாய் வேண்டும் என்பது 'செபி'யின் விதி.

நிர்வகிக்கச் செல்வத்துக்கா பஞ்சம்? இறந்தவர் சொத்தின் மீது 1953ல் போட்ட எஸ்டேட் வரியை 1985ல் எடுத்தார்கள். 1957ல் வந்த செல்வ வரியை 2015ல் எடுத்தார்கள். தாத்தா சேர்த்தது சேதாரமில்லாமல் பேரன் கைக்குப் போகிறது. அதை வழியில் சுமந்து செல்லக் கம்பெனி இருக்கிறது. கம்பெனியைச் சுமக்க ஒரு சகோதரி இருக்கிறார். அவருக்குக் கம்பெனி சூட்டியிருக்கும் பட்டம் 'ஆபீஸ் கோஆர்டினேட்டர்'!

என்ன வேலை அது? காலையில் முதல் ஆளாக வந்து ஆபீஸைத் திறக்க வேண்டும். ஏ.சி. ஓடவில்லை என்றால் மெக்கானிக்குக்குப் போன் செய்ய வேண்டும். வாடிக்கையாளரை வரவேற்று உட்கார வைக்க வேண்டும். "ஏம்மா, காபி இன்னும் வரலையா?" என்ற கேள்விக்கும் அவரே பதில் சொல்ல வேண்டும். அதோடு போயிற்றா? பான் கார்டு நகல், கேன்சல் செய்த செக், நாமினி படிவம் என்று கட்டுக் கட்டாகக் காகிதம். கையெழுத்துப் போட வேண்டிய இடமெல்லாம் மஞ்சள் சீட்டு ஒட்டியிருப்பார். அப்படியும் பெரிய மனிதர் ஓரிடத்தை விட்டுவிடுவார்; மறுபடி ஆள் அனுப்ப வேண்டும். பங்குத் திட்ட மியூச்சுவல் பண்டுக்கு விண்ணப்பமும் பணமும் பிற்பகல் 3 மணிக்குள் போய்ச் சேர்ந்தால்தான் அன்றைய விலை. கொடைக்கானலில் ஓய்வெடுக்கும் கனவான் இரண்டே முக்காலுக்குப் போனில் "சரி, போடுங்கள்" என்பார். நேரம் தவறினால் ஏச்சு யாருக்கு? கனவானுக்கா? ஆலோசகருக்கா? கோஆர்டினேட்டர் அம்மாளுக்குத்தான்!

மாலை 6 மணிக்கு நாற்காலியை விட்டு எழுந்தாலும் வேலை விடுவதில்லை. பஸ்ஸில் வாட்ஸப், இரவு சோறு பிசையும்போது வாட்ஸப், ஞாயிற்றுக்கிழமை காலையிலும் "அந்த அறிக்கையை மட்டும் அனுப்பிவிடுங்கள்" என்று வாட்ஸப்.

கூலிக் கணக்கைப் பாருங்கள். பதிவு பெற்ற முதலீட்டு ஆலோசகர் தனிநபரிடம் சொத்து மதிப்பில் வருடத்துக்கு நூற்றுக்கு 2.5 வரை கட்டணம் வாங்க விதி இடம் கொடுக்கிறது. அவ்வளவு வேண்டாம், நூற்றுக்கு 1 என்றே வையுங்கள். 10 கோடி வைத்திருக்கும் ஒரே ஒரு வாடிக்கையாளரிடமிருந்து வருடம் 10 லட்சம்! கோஆர்டினேட்டருக்கு மாதம் 25,000 என்று வைத்துக்கொண்டால் வருடம் 3 லட்சம். அந்த ஒருவர் கட்டணத்திலேயே இவர் சம்பளத்தைக் கொடுத்து 7 லட்சம் மிச்சம். மற்ற வாடிக்கையாளர்களுக்கு இவர் பார்க்கும் வேலை?

ஓவர்டைம் கேட்டுப் பாருங்கள். "நீங்கள் குமாஸ்தா அல்லவே அம்மா, கோஆர்டினேட்டர்! நிர்வாகத்தைச் சேர்ந்தவர்! நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்று பதில் வரும். பட்டத்தின் ரகசியம் இங்கேதான் இருக்கிறது. தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம் 1947ல் வந்தது. புரோக்கர் ஆபீஸ் என்றே பெயர் சொல்லி வர்த்தக நிறுவனங்களை அது உள்ளே கொண்டுவருகிறது. நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. அதற்கு மேல் வேலை வாங்கினால் இரட்டைக் கூலி. 6 மாதம் வேலை பார்த்தவரைத் தக்க காரணமின்றி நீக்கக் கூடாது. நீக்கினாலும் ஒரு மாத நோட்டீஸ் அல்லது சம்பளம் வேண்டும். ஆனால் நிர்வாகப் பதவியில் இருப்பவருக்கு இச்சட்டம் இல்லை. அந்தச் சந்தில்தான் முதலாளி இந்தச் சகோதரியைப் பட்டம் கட்டித் தள்ளுகிறார்!

நிர்வாகியாம்! இவர் யாரை வேலைக்கு எடுத்தார்? யாரை நீக்கினார்? தன்னுடைய ஒருநாள் லீவைத் தானே மஞ்சூர் செய்ய முடியுமா? பிரிண்டருக்கு மை வாங்கவே மேலே கையெழுத்து வேண்டும். பதவியின் பெயரல்ல, செய்யும் வேலையே அளவுகோல் என்று தொழிலாளர் வழக்குகளில் சுப்ரீம் கோர்ட் பலமுறை சொல்லியிருக்கிறது. கண்ணாடிக் கதவுக்குள் அந்தச் சேதி இன்னும் நுழையவில்லை போலும்.

எதிர்ச் சாரியில் இருக்கும் பாங்கைப் பாருங்கள். அங்கேயும் காகிதம்தான், பணம்தான். ஆனால் 1966 முதல் பாங்கு ஊழியரின் சம்பளம் சங்கங்களுடன் செய்துகொள்ளும் இருதரப்பு ஒப்பந்தப்படி நிர்ணயமாகிறது. அங்கே குமாஸ்தா குமாஸ்தாவாகவே இருந்து உரிமை பெற்றார். இங்கே நாலைந்து பேர் ஆபீஸில் ஒருவர் தனியாக எழுந்து பேசினால் நாளையே புது விளம்பரம் வரும் என்ற பயம். பயம் நியாயமானதுதான், அதைக் கேலி செய்வதற்கில்லை. அடுத்த மாடியிலும் ஒரு கோஆர்டினேட்டர் இருக்கிறார், அதற்கடுத்த மாடியிலும் இருக்கிறார். மதிய உணவு வேளையில் லிப்டருகே சந்திக்கிற இவர்கள் சம்பளத்தை மட்டும் ஒருவருக்கொருவர் சொல்வதில்லை. முதலில் அதைச் சொல்லிக்கொள்ளட்டும்.

கூடவே ஒரு 20 ரூபாய் நோட்டுப் புத்தகம் வாங்கட்டும். வந்த நேரம், போன நேரம், இரவில் வந்த வாட்ஸப், ஞாயிற்றுக்கிழமை அனுப்பிய அறிக்கை எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதட்டும். நியமன உத்தரவின் நகலை வீட்டில் வைக்கட்டும். மாதம் முடிந்ததும் நாலு மாடிக் கோஆர்டினேட்டர்களும் நாலு நோட்டுப் புத்தகங்களுடன் ஒன்றாகத் தொழிலாளர் துறை ஆபீஸ் படியேறட்டும். ஊரார் கணக்கையெல்லாம் பைசா பிசகாமல் எழுதுகிற கை, தன் கணக்கை எழுதத் தெரியாதா என்ன?