பீரங்கி ஓய்ந்த பிறகு நிலம் யார் பொறுப்பு?

புது தில்லி: ராணுவத்துக்குப் பயிற்சிக் களம் வேண்டும் என்பதில் அரசியல் கட்சிகளிடையே கருத்து வேறுபாடு இல்லை. எல்லையில் பதற்றம் நிலவும் நாட்டில் பீரங்கிப் படை குண்டு சுட்டுப் பழகாமல் இருக்க முடியாது. ஆனால் பயிற்சி முடிந்து படை திரும்பிய பிறகு, புல்வெளியில் புதைந்து கிடக்கும் வெடிக்காத குண்டுகளுக்கும், மேய்ச்சல் நிலத்தை இழந்த கிராமங்களுக்கும் யார் பொறுப்பு என்ற கேள்விக்கு இன்றும் தெளிவான விடை இல்லை. விடை தர வேண்டிய சட்டம் 1938-ம் ஆண்டு, ஆங்கிலேயர் ஆட்சியில் இயற்றப்பட்டது.

பாதுகாப்பு அமைச்சகத்தின் வசம் சுமார் 18 லட்சம் ஏக்கர் நிலம் உள்ளது. இதில் கன்டோன்மென்ட் எல்லைக்குள் இருப்பது ஏறத்தாழ 1.61 லட்சம் ஏக்கர் மட்டுமே. எஞ்சியது வெளியே உள்ளது. அமைச்சகத்துக்குச் சொந்தமான இந்த நிலத்தின் நில அளவைப் பணி முடிந்துவிட்டதாக 2022 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. ஆனால் சர்ச்சைக்கு உள்ளான பீரங்கிப் பயிற்சிக் களங்கள் வேறு வகையைச் சேர்ந்தவை. விலை கொடுத்துக் கையகப்படுத்தப்பட்ட களங்கள் ஒரு வகை. அரசு அறிவிக்கை மூலமோ குத்தகை மூலமோ குறிப்பிட்ட காலத்துக்குப் பயன்படுத்தும் களங்கள் மற்றொரு வகை. இரண்டாவது வகையில் ராணுவம் நிலத்தின் உரிமையாளர் அல்ல. ஊர் மக்களும் வனத் துறையும் உரிமையாளர்களாகவே நீடித்தாலும், குண்டு விழும் நாளில் அவர்கள் அங்கே கால் வைக்க முடியாது. பொறுப்பு கைநழுவுவது இந்த இடைவெளியில்தான்.

தோசா மைதானம்

காஷ்மீரின் பட்காம் மாவட்டத்தில், கடல் மட்டத்திலிருந்து சுமார் பத்தாயிரம் அடி உயரத்தில் உள்ள தோசா மைதானம் இதற்கு முதல் சான்று. குஜ்ஜர், பக்கர்வால் மக்களும் சுற்றுவட்டாரக் கிராமத்தினரும் கோடையில் ஆடு மாடுகளை ஓட்டிச் செல்லும் புல்வெளி அது. 1964-ம் ஆண்டு முதல் அது பீரங்கிப் பயிற்சிக் களமாகப் பயன்படுத்தப்பட்டது. அரை நூற்றாண்டில் அறுபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததாக உள்ளூர் மக்கள் கணக்குச் சொல்கின்றனர்; கை, கால் இழந்தோர் பலர். உயிரிழந்தவர்களில் பெரும்பாலோர் பயிற்சியின்போது அல்ல, பின்னர் புல்லுக்குள் கிடந்த வெடிக்காத குண்டைத் தொட்டதால் இறந்தவர்கள்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விவரங்கள் திரட்டி கிராம மக்கள் நடத்திய இயக்கத்தின் விளைவாக, 2014 ஏப்ரல் 18-ம் தேதி காலாவதியான குத்தகையை அன்றைய ஒமர் அப்துல்லா அரசு புதுப்பிக்கவில்லை. அடுத்த மாதமே, மைதானத்தை ஒட்டிய கிராமத்தில் வெடிக்காத குண்டு வெடித்து ஏழு வயதுச் சிறுமி உயிரிழந்தாள். அதே ஆண்டில் 'ஆபரேஷன் ஃபலா' என்ற பெயரில் ராணுவம் குண்டுகளைத் தேடி அகற்றும் பணியை மேற்கொண்டது. 2016-ல் மைதானம் சுற்றுலாப் பயணிகளுக்குத் திறந்துவிடப்பட்டது. ஆனால் 2018 ஆகஸ்டில் மீண்டும் ஒரு குண்டு வெடித்து இளைஞர் ஒருவர் பலியானார். குத்தகை முடிந்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகும் குண்டுகள் ஓயவில்லை.

நேத்தர்ஹாட்

ஜார்க்கண்டின் லாத்தேஹார், கும்லா மாவட்டங்களில் பரவியுள்ள நேத்தர்ஹாட் களத்தின் கதை அளவில் இன்னும் பெரியது. 1964 முதல் அங்கு பீரங்கிப் பயிற்சி நடைபெற்றது. 1991, 1992-ம் ஆண்டுகளில் அன்றைய பிகார் அரசு வெளியிட்ட அறிவிக்கைகள் 245 கிராமங்களை, 1,471 சதுர கிலோமீட்டர் பரப்பை, களத்தின் எல்லைக்குள் கொண்டுவந்தன. சென்னை மாநகராட்சியைப் போல மூன்று மடங்குக்கும் அதிகமான பரப்பு இது. ஓராவோன், முண்டா, அசுர் பழங்குடியினர் வாழும் இப்பகுதி அரசியல் சட்டத்தின் ஐந்தாவது அட்டவணையின் கீழ் வருகிறது.

1994 மார்ச் 22-ம் தேதி பயிற்சிக்காக ராணுவ வாகனங்கள் வந்தபோது, பெண்களை முன்னிறுத்தி ஆயிரக்கணக்கானோர் துட்டுவாபானி என்ற இடத்தில் சாலையில் அமர்ந்தனர். படை திரும்பிச் சென்றது. அதன் பிறகு அங்கு பீரங்கி முழங்கவில்லை. ஆயினும் அறிவிக்கை மட்டும் உயிரோடு இருந்தது. 1999-ல் அது 2022 மே 11 வரை நீட்டிக்கப்பட்டது. எந்த ஆண்டு படை திரும்பி வருமோ என்ற அச்சத்திலேயே ஒரு தலைமுறை வளர்ந்தது. ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 22, 23 தேதிகளில் அதே இடத்தில் மக்கள் கூடினர். இறுதியில், அறிவிக்கை மேலும் நீட்டிக்கப்படாது என்று 2022 ஆகஸ்ட் 17-ம் தேதி முதல்வர் ஹேமந்த் சோரன் அறிவித்தார்.

ராணுவத்தின் மற்றொரு முகம்

இவற்றை மட்டும் வைத்து, ராணுவம் இயற்கைக்குப் பகை என்று முடிவு கட்டுவது நியாயமாகாது. 1982-ல் முன்னாள் ராணுவத்தினரைக் கொண்டு டெரிடோரியல் ஆர்மியின் முதல் சுற்றுச்சூழல் படைப்பிரிவு உருவாக்கப்பட்டது. சுண்ணாம்புக்கல் குவாரிகளால் மொட்டையாகிப் போன முசோரி மலைகளில் மீண்டும் காடு வளர்த்தது அந்தப் பிரிவு. ராஜஸ்தான் பாலைவனத்திலும் இத்தகைய பிரிவு மரம் வளர்த்துள்ளது.

ஒடிசாவில் முன்னாள் குடியரசுத் தலைவர் அப்துல் கலாமின் பெயரைத் தாங்கிய தீவு மற்றோர் எடுத்துக்காட்டு. முன்பு வீலர் தீவு எனப்பட்ட இந்த ஏவுகணைச் சோதனைத் தளத்துக்கு அருகே உள்ள கஹிர்மாதா கடற்கரை, பங்குனி ஆமைகள் முட்டையிடும் உலகின் முக்கிய இடங்களில் ஒன்று. தளத்தின் வெளிச்சமும் படகுகளின் நடமாட்டமும் ஆமைகளின் வழியைக் குலைப்பதால், 2023 ஜனவரி முதல் மார்ச் வரை ஏவுகணைச் சோதனைகளை நிறுத்திவைக்க 2022 டிசம்பரில் முடிவு செய்யப்பட்டது. நாட்டின் பாதுகாப்பு இதனால் தளர்ந்துவிட்டதாக யாரும் கூறவில்லை.

எனவே ராணுவத்துக்கு இயலாத காரியம் அல்ல இது. ஆனால் இவை அனைத்தும் அரசு முடிவுகளையும் அதிகாரிகளின் நல்லெண்ணத்தையும் நம்பி நடப்பவை. அதிகாரி மாறினால் முடிவும் மாறலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

1938-ம் ஆண்டின் போர்ப் பயிற்சி, களத்தில் சுடுதல், பீரங்கிப் பயிற்சிச் சட்டத்தின்படி, ஒரு பகுதியைப் பயிற்சிக் களமாக அறிவிக்கும் அதிகாரம் மாநில அரசுக்கு உரியது. நேத்தர்ஹாட்டில் ஒரு முதல்வரின் முடிவு களத்துக்கு முற்றுப்புள்ளி வைத்ததற்கு இதுவே காரணம். இழப்பீட்டுக்கும் சட்டம் வழி செய்கிறது. வருவாய்த் துறை அதிகாரிகள் படையுடன் சென்று சேதத்தை மதிப்பிட வேண்டும். பயிர் மிதிபட்டதற்கு இந்த ஏற்பாடு போதும். படை போய் நான்கு ஆண்டுகள் கழித்து வெடிக்கும் குண்டுக்கு இது எப்படிப் பொருந்தும்?

போர்ப் பயிற்சி குறித்த பகுதியில், பயன்படுத்திய நிலத்தை 'இயன்றவரை' விரைவாகப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்ற விதியும் உள்ளது. அந்த 'இயன்றவரை' என்ற ஒரு சொல்லில் கடமை முழுவதும் கரைந்துவிடுகிறது. நிலத்தடி நீர், வனவிலங்கு, கிராம சபை ஆகிய எதுவும் 1938-ல் சட்டம் இயற்றியவர்களின் சிந்தனையில் இருந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் 1996-ல் பழங்குடிப் பகுதி பஞ்சாயத்துகளுக்கான பெசா சட்டமும், 2006-ல் வன உரிமைச் சட்டமும் வந்துவிட்டன. நியமகிரி வழக்கில் கிராம சபையே முடிவு சொல்லட்டும் என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் கூறியது. அதற்குப் பின்னும் பழைய சட்டம் அப்படியே நிற்கிறது.

தில்லியின் போக்கோ எதிர்த்திசையில் உள்ளது. ஜம்மு-காஷ்மீரில், கோர் கமாண்டர் நிலைக்குக் குறையாத அதிகாரி எழுத்து மூலம் கோரினால், படைகளின் செயல்பாட்டுக்கும் பயிற்சிக்கும் தேவைப்படும் பகுதியை 'கேந்திரப் பகுதி' என அறிவித்து, வளர்ச்சிச் சட்டத்திலிருந்து விலக்கு அளிக்க 2020-ல் வழி செய்யப்பட்டது. 2023-ம் ஆண்டின் வனப் பாதுகாப்புத் திருத்தச் சட்டம், எல்லையிலிருந்து 100 கிலோமீட்டருக்குள் அமையும் கேந்திர முக்கியத்துவம் வாய்ந்த சாலை, ரயில் பாதை போன்ற திட்டங்களுக்கும், 10 ஹெக்டேர் வரையிலான பாதுகாப்புக் கட்டமைப்புகளுக்கும் மத்திய வன அனுமதியிலிருந்து விலக்கு அளித்தது. மசோதாவைப் பரிசீலித்த கூட்டுக் குழு ஒரு திருத்தமும் பரிந்துரைக்கவில்லை. எதிர்க்கட்சி உறுப்பினர்கள் மாற்றுக் கருத்துகளைப் பதிவு செய்தனர். மணிப்பூர் விவகாரத்தால் எழுந்த அமளிக்கிடையே ஜூலை 26-ம் தேதி மக்களவை அதை நிறைவேற்றியது. நேத்தர்ஹாட் போன்ற பெரிய களங்களை இச்சட்டம் நேரடியாகத் தொடவில்லை என்பது உண்மை. எனினும், பாதுகாப்பு என்ற சொல் வந்தாலே விவாதம் சுருங்கிவிடுகிறது என்பதை அது காட்டியது.

திருத்த வேண்டியது எது?

பயிற்சிக் களங்களை மூடுவது இதற்குத் தீர்வாகாது. ஓர் இடத்தில் மூடினால் ராணுவம் மற்றோர் இடத்தைத் தேடத்தான் வேண்டும். அங்கும் கிராமங்கள் இருக்கும். தேவை மூன்று விதிகள். அறிவிக்கையை நீட்டிக்கும் முன் நிலம், நீர், வெடிக்காத குண்டுகள் பற்றிய ஆய்வு பகிரங்கமாக வெளியிடப்பட வேண்டும். ஐந்தாவது அட்டவணைப் பகுதிகளில் கிராம சபையின் கருத்து கட்டாயமாக வேண்டும். களம் கைவிடப்பட்ட பிறகும், கடைசிக் குண்டு அகற்றப்படும் வரை துப்புரவுக்கும் இழப்பீட்டுக்கும் பாதுகாப்பு அமைச்சகமே பொறுப்பேற்க வேண்டும்.

தோசா மைதானத்திலும் நேத்தர்ஹாட்டிலும் மக்கள் கேட்டது ராணுவத்தின் தோல்வியை அல்ல. தங்கள் பிள்ளைகள் அச்சமின்றி மாடு மேய்க்கும் உரிமையைத்தான். அந்த உரிமை மாநில முதல்வர் ஒருவரின் மனநிலையையோ, படை அதிகாரி ஒருவரின் கருணையையோ சார்ந்திருக்கலாகாது. எண்பது ஆண்டுகளைத் தாண்டிய சட்டத்தைத் திருத்தும் அதிகாரம் நாடாளுமன்றத்திடம் உள்ளது. அதைக் கேட்டு எழுப்ப வேண்டியவர்கள் எம்.பி.க்கள்.