குண்டுக்கு எல்லாரும் ஒண்ணுதானா?

முள்ளிவாய்க்கால் பேச்சில் மாற்றுத்திறனாளிகளைத் தனியாகச் சொன்னால் எங்க நாகர்கோவில் பக்கம் உடனே கேட்பார்கள்: “குண்டுக்கு என்னவே தெரியும்? கால் உள்ளவன், இல்லாதவன் எல்லாம் ஒண்ணுதானே?” கேட்கச் சமத்துவம் மாதிரி இருக்கும். விசாரணையே வேண்டாம் என்பதைத்தான் இது நாசூக்காகச் சொல்கிறது.

குண்டுக்குத் தெரியாது, சரி. ‘இங்கிருந்து கிளம்பு, அங்கே போ’ என்கிற உத்தரவும் போர்தானே? 2009 ஜனவரியில் இலங்கை அரசு வன்னியில் ‘பாதுகாப்பு வலயம்’ அறிவித்தது. பிப்ரவரியில் அது மாத்தளன் கடற்கரைக்கு மாறியது. மே மாதம் இன்னும் சுருங்கியது. ஒவ்வொரு முறையும் சனம் மூட்டையோடு நடந்தது. நடக்க முடியாதவர் என்ன செய்தார்? எறிகணைச் சத்தம் கேட்காதவர்? தானாகப் பதுங்குகுழியில் இறங்க முடியாதவர்?

புதுக்குடியிருப்பு மருத்துவமனை திரும்பத் திரும்பத் தாக்கப்பட்டதை ஐ.நா. நிபுணர் குழுவின் 2011 அறிக்கை பதிவு செய்தது. தப்ப முயன்ற மக்களைப் புலிகள் சுட்டதையும் அதே அறிக்கை சொல்கிறது. ஓட முடிந்தவர்களுக்கே இந்தக் கதி.

போரிலும் மாற்றுத்திறனாளிகளைக் காப்பது அரசின் கடமை என்று 2006ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கை, 11ஆவது பிரிவில் சொல்கிறது. இலங்கை 2007இல் அதில் கையெழுத்திட்டது. வன்னிக்கு அந்தக் கையெழுத்து வந்து சேரவில்லை. சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் 1998 ரோம் சட்டம் துன்புறுத்தலுக்கான காரணங்களில் இனம், மதம், பாலினம் எல்லாவற்றையும் பெயர் சொல்லி அடுக்குகிறது. உடல் குறைபாட்டுக்குப் பெயர் இல்லை, ‘பிற காரணங்கள்’ என்ற மூலையில் தேடிக்கொள்ள வேண்டியதுதான். அந்தச் சட்டத்தில் இலங்கையும் சேரவில்லை, இந்தியாவும் சேரவில்லை. இத்தனைக்கும், நாஜிகள் மாற்றுத்திறனாளிகளைக் கொன்று குவித்ததற்கு நியூரம்பெர்க் மருத்துவர்கள் வழக்கில் 1947லேயே தண்டனை கொடுத்தாயிற்று.

என் தொழிலில் ஒரு பாடம் உண்டு: டேட்டாபேஸில் ஒரு காலம் இல்லையென்றால் அந்தக் கேள்வியையே கேட்க முடியாது. ‘பொதுமக்கள்’ என்ற ஒரே காலத்தில் எல்லாரையும் போட்டுவிட்டு, தனிக் கொடுமை நடந்ததற்கு ஆதாரம் எங்கே என்று கேட்பது அயோக்கியத்தனம்.

2021 முதல் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் இலங்கைக்கான சாட்சியங்களைச் சேகரிக்கிறது. பெருமாள்புரத்திலும் பழவிளையிலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் நம்ம மாவட்டத்திலேயே இருக்கின்றன. கை, கால், கண், காது இழந்தவர்களை ஆண்டுக்கு ஒருமுறை மேடையேற்றி அழவைத்தது போதும். சைகைமொழி தெரிந்த ஆளோடு போய் அவர்களிடம் கேளுங்கள்: யார் தூக்கிக்கொண்டு வந்தார்கள், யாரை விட்டுவிட்டு வரவேண்டியிருந்தது, எந்த நாள், எந்த இடம். அவர்கள் சாட்சிகள். சாட்சிக்கு நம் கண்ணீரால் ஒரு பிரயோஜனமும் இல்லை.